கட்டம் இல்லாத படம்

படத்தைச் சுற்றிக் கட்டம் தெரியக் கூடாது என்பதில் மட்டும் சந்திரமௌலி பிடிவாதமாக இருந்தார். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தார். பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி கேட்டவர், தமிழ் எழுத்து எதுவும் அமெரிக்காவில் திறக்கும்போது ஒழுங்காக வராது என்றதும் சரி என்றார். மகள் வாங்கிய பரிசுகளின் படங்களையும் சேர்க்கச் சொன்னவர், படம் கூடினால் பக்கம் திறக்க நேரமாகும் என்றதும் அதற்கும் சரி என்றார். ஆனால் வர்ஷினியின் படத்தைத் திரையில் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது வேண்டாம்" என்றார்.

"ஏன் சார்? நல்லாத்தானே இருக்கு?" என்றான் ஆசிஃப்.

"பொண்ணு நன்னாத்தான் இருக்கா. சுத்திக் கட்டம் கட்டியிருக்கேளே."

"கட்டம் கட்டலை சார். ஸ்டுடியோவுல பின்னாடி வெளிர் துணி தொங்கவிட்டு எடுத்திருக்காங்க. நம்ம பக்கம் சந்தனக் கலர். அதான் டப்பா மாதிரி தெரியுது."

"எதுனால தெரிஞ்சா என்ன? பேப்பர்ல 'காலமானார்'னு போடறாளே, அப்படியே இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஜானுவை இப்படித்தான் போட்டோம்."

ஜானு அவருடைய மனைவி.

அது 1998ஆம் ஆண்டு. தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் ஆசிஃபும் சாய்நாத்தும் இணையப் பக்கங்கள் செய்து கொடுத்துவந்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மனநிலைக்குத் தகுந்தாற்போல் வேலை செய்யும் ஒரு டெலிபோன் லைன். ஏற்றுமதிக்காரர்கள், ஓட்டல்காரர்கள் என்று அதுவரை வந்தவர்கள் எல்லாம் வியாபாரிகள். ஒரு பெண்ணுக்காகப் பக்கம் கேட்டு வந்த முதல் மனிதர் சந்திரமௌலிதான். கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அபிராமபுரத்தில் வீடு. வர்ஷினி ஒரே மகள். அடையாறில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறாள்.

பையன் பெயர் ஷ்ரவண். ஒஹையோவில் என்ஜினியர். ஜாதகம் பொருந்திவிட்டது. போனில் இருவரும் இரண்டு முறை பேசியும்விட்டார்கள். இரண்டாம் முறை வர்ஷினி வாய்விட்டுச் சிரித்தது சமையலறை வரை கேட்டதாகச் சந்திரமௌலி ஆசிஃபிடமே சொன்னார். ஜானு போன பிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டதில்லை. பையனின் அப்பாவும் அம்மாவும் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார்கள்; தை மாதத்துக்கு முன் திரும்புவதாக இல்லை. பெண்ணைப் படத்தில் பார்த்துவிட்டால் அங்கிருந்தபடியே தட்டு மாற்றத் தேதி குறிக்கலாம் என்று பையனின் அம்மா சொல்லியிருந்தார். கூரியரில் அனுப்பினால் ஒரு வாரம் ஆகும். இன்டர்நெட்டில் போட்டால் அன்றைக்கே பார்க்கலாம் என்று சந்திரமௌலிக்கு யாரோ சொன்னார்கள்.

"கட்டம் வரக் கூடாதுன்னா ஜேபெக் ஆவாது மச்சி" என்றான் சாய்நாத், தன் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே. "ஜிஃப்தான்."

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் சந்திரமௌலி. தணிக்கைக்காரருக்கு எதையும் தெரிந்துகொண்டால்தான் கையெழுத்துப் போட முடியும்.

ஆசிஃப் விளக்கினான். படத்தைக் கம்ப்யூட்டரில் சேமித்துவைக்க வெவ்வேறு முறைகள் உண்டு. ஜேபெக் போட்டோவுக்கு நல்லது. லட்சக்கணக்கான நிறங்கள் வரும். முகம் முகமாகவே இருக்கும். ஆனால் படம் எப்போதும் நாலு மூலையோடுதான் நிற்கும். ஜிஃப் அதைவிடப் பழையது. அதில் இருநூற்றைம்பத்தாறு நிறங்கள்தான். ஆனால் ஒரு வசதி உண்டு: அந்த நிறங்களில் ஒன்றைக் காட்டி 'நீ மட்டும் கண்ணில் படாதே' என்று சொல்லிவிடலாம். அந்த நிறம் இருக்கும் இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பின்னால் இருக்கும் பக்கம் தெரியும்.

"அப்போ அந்தத் துணியோட கலரைச் சொல்லிட்டா துணி போயிடும்."

"ஆமா சார். உங்க பொண்ணு மட்டும் பக்கத்து மேல நிப்பாங்க."

"பேஷ். அதையே பண்ணிடுங்கோ."

ஆசிஃப் துணியின் வெளிர் மஞ்சளைத் தேர்ந்தெடுத்து அழுத்தினான். துணி போயிற்று. கத்திரிப்பூ நிறப் பட்டுப் புடவையில் வர்ஷினி சந்தன நிறப் பக்கத்தின்மீது சுற்றிலும் ஒன்றும் இல்லாமல் நின்றாள். சந்திரமௌலி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்பத்தான் கல்யாணப் பொண்ணு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் பாத்திரக் கடையின் ஷட்டர் திறப்பதற்கு முன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். ஆசிஃப் மாடிக்கு அழைத்துக்கொண்டு போய் நாற்காலி போட்டான். தண்ணீர் வேண்டாம் என்றார். காபி வேண்டாம் என்றார்.

"படத்தைக் கொஞ்சம் பாக்கணும்."

"அங்க தெரியலையா சார்?"

"தெரியறது. பாத்துட்டுத்தான் கேக்கறா." கையைப் பிசைந்தார். "பொண்ணுக்கு உடம்பு ஏதாவது... ஸ்கின்னுல... அதான், வெள்ளை வெள்ளையா வருமே..."

அந்த வியாதியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆசிஃபின் வீட்டிலும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆசிஃப் பக்கத்தைத் திறந்தான். வர்ஷினி நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. இருவரும் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லையே சார்."

"இல்லைதான். அவா இருக்குங்கறாளே. கண் இமையிலயும் உதட்டு ஓரத்துலயுமாம்."

சாய்நாத் எழுந்து வந்தான். "எய்ந்திரு மச்சி, நான் பாக்கறேன்" என்று ஆசிஃபை நகர்த்திவிட்டு, கம்ப்யூட்டரின் அமைப்பில் ஏதோ மாற்றினான். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தது. "இப்ப இந்த ஸ்கிரீன்லயும் இருநூத்தி ஐம்பத்தாறு கலருதான். பழைய மிசினுங்க இப்டித்தான் காட்டும். பாரு."

சந்தன நிறம் இல்லை. பழைய கம்ப்யூட்டருக்குத் தெரிந்த நிறங்களில் சந்தனத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று, கிட்டத்தட்ட வெள்ளை, அதன் இடத்தில் இருந்தது. வர்ஷினியின் இரண்டு இமைகளிலும், உதட்டின் இடது ஓரத்திலும், மூக்கின் அருகேயும் அதே வெள்ளை திட்டுத் திட்டாக இருந்தது. சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் அத்தனை தெளிவு.

"ஐயோ" என்றார் சந்திரமௌலி.

ஆசிஃபுக்கு உடனே புரிந்தது. ஸ்டுடியோவின் பிளாஷ் வெளிச்சம் பட்டு மினுங்கிய இடங்கள் அவை. அங்கே தோலின் நிறம் பின்னால் தொங்கிய துணியின் நிறமாகவே ஆகியிருந்தது. அந்த நிறத்தைக் கண்ணில் படாதே என்று அவன் சொன்னபோது, முகத்தில் இருந்ததும் சேர்ந்து போய்விட்டது. அவள் முகத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியாகப் பக்கம் தெரிந்தது. அவனுடைய திரையில் ஓட்டையும் சந்தனம், பக்கத்துத் தோலும் ஏறக்குறைய சந்தனம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

"தப்பு என்னுதுதான் சார்."

"அதை இப்பவே சரி பண்ணிடலாமா?"

"ஓட்டையை அடைச்சா முடிஞ்சுது. பத்து நிமிஷம்" என்றான் சாய்நாத்.

அடைத்தான். வெள்ளைத் திட்டுகள் போயின. ஆனால் பயந்துபோன மனிதரின் கண் அதற்குள் பூதக்கண்ணாடி ஆகிவிட்டிருந்தது. சந்திரமௌலி கன்னத்தைக் காட்டினார். "இது என்ன, பொடிப் பொடியா?"

அது ஜிஃப்பின் சுபாவம். கையில் இல்லாத நிறத்தை, இருக்கும் இரண்டு நிறங்களின் புள்ளிகளைக் கலந்து வைத்துக் காட்டும். தள்ளி நின்று பார்த்தால் தோல். கிட்டே பார்த்தால் வெளிறிய புள்ளியும் கறுத்த புள்ளியும்.

"வேண்டாம். ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. கட்டமும் கூடாது, புள்ளியும் கூடாது. வேற வழியே இல்லையா?"

இருந்தது. அதுதான் ஆசிஃபுக்கு வந்த ஆசை. பி.என்.ஜி. என்று புதிதாக ஒரு முறை வந்திருந்தது. ஜேபெக் போல எல்லா நிறமும் வரும். ஆனால் ஜேபெக் நிறத்தைக் கொஞ்சம் திரிக்கும்; இது கொஞ்சம்கூடத் திரிக்காது. படத்தின் பின்னணியில் சந்தனத்தைப் பூசிச் சேமித்தால், பக்கத்தின் சந்தனத்தோடு இழை தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். கட்டம் இல்லை, ஓட்டை இல்லை, புள்ளி இல்லை. பத்திரிகைகளில் படித்திருந்தான். இதுவரை யாருக்கும் செய்து கொடுத்ததில்லை.

"பி.என்.ஜி.யா? வேணாம்டா" என்றான் சாய்நாத். "பழைய பிரவுசர்ல அது தொறக்காது. அந்த அம்மா வூட்டு மிசின் பழசுன்னு இப்பத்தானே பாத்த?"

"கலர் கம்மியா வெக்கறது செட்டிங் மச்சி. பிரவுசர் ஃப்ரீ, புதுசை யார் வேணா எடுத்துக்கலாம். அமெரிக்காடா! அங்க எவன் பழைய பிரவுசரை வெச்சுக்கினு இருப்பான்?"

"அதானே" என்றார் சந்திரமௌலி. "அங்கல்லாம் நம்மளை மாதிரியா? எல்லாம் லேட்டஸ்ட்னா இருக்கும்."

சாய்நாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி நைனா, உங்க இஷ்டம்" என்று தன் இடத்துக்குப் போய்விட்டான்.

அமெரிக்காவில் இருக்கும் எதுவும் பழையதாக இருக்க முடியாது என்பது அன்றைக்குத் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் யாருமே சந்தேகித்திராத விஷயம். அங்கிருந்து வரும் பழைய சட்டையைக்கூடப் புதுசு என்றுதான் உடுத்தினார்கள்.

படம் ஏறியதும் சந்திரமௌலி கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து ஒஹையோவுக்கு போன் செய்தார். சம்பந்தியாகப் போகிறவர்களிடம் தாமதிக்கக் கூடாது என்று நினைத்தார். ஆசிஃப் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது சந்துக்கே கேட்கும்.

"நமஸ்காரம் மாமி. ஒண்ணும் கவலைப்படாதேள். அது கம்ப்யூட்டர் கோளாறு... ஆமாம், ஆமாம். இப்போ புது முறையில போட்டிருக்கோம். அந்த வெள்ளையெல்லாம் மறைஞ்சுடும்... ஆமாம், சுத்தமா மறைஞ்சுடும். இனிமே தெரியவே தெரியாது."

ஆசிஃப் கண்ணாடியைத் தட்டலாமா என்று கை தூக்கினான். அதற்குள் அவர் வைத்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்தார்.

"சார், 'மறைஞ்சுடும்'னு சொன்னீங்களே..."

"ஆமாம். மறைஞ்சுடுத்தே?"

"இல்லை சார். மறையறதுக்கு அது இருந்திருக்கணுமே."

சந்திரமௌலி சிரித்தார். "நீங்க ரொம்ப யோசிக்கறேள். பெரியவா அவா. புரிஞ்சுப்பா."

ஒஹையோவில் பையனின் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர், அவள் கணவன் படித்த காலத்தில் ஒரு நண்பன் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதில் இருந்த பிரவுசருக்குப் பி.என்.ஜி. என்றால் என்னவென்று தெரியாது. வர்ஷினி நின்ற இடத்தில் கிழிந்த தாள் போன்ற ஒரு சின்ன அடையாளம் வந்தது. பையனின் அம்மா மறுபடி மறுபடி திறந்து பார்த்தார். நேற்றுவரை இருந்த படத்தை எடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தார். பெண்ணின் தகப்பனே மறைந்துவிடும் என்றாரே.

மறுநாள் ஷ்ரவண் தன் அலுவலகத்தில் திறந்து பார்த்தான். அங்கே கம்ப்யூட்டர் புதியது. படம் பளிச்சென்று வந்தது. "அம்மா, படம் இருக்கு. முகத்துல ஒண்ணுமே இல்லை" என்று அவன் உற்சாகமாகச் சொன்னதுதான் கடைசி ஆணி ஆயிற்று. முந்தாநாள் வெள்ளைத் திட்டு இருந்தது, நேற்றுப் படமே இல்லை, இன்றைக்குப் படம் இருக்கிறது, முகத்தில் ஒன்றும் இல்லை. இதற்கு அந்த அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது: டச்சப். அவருடைய கல்யாணத்துக்கே ஸ்டுடியோக்காரன் பென்சிலால் மூக்கைத் திருத்திக் கொடுத்த படம்தான் போயிற்று. அவருக்குத் தெரியாதா?

ஆசிஃப் உடனே அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஜேபெக்கைப் போட்டான். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். சந்திரமௌலி இந்த முறை கட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "அவா கண்ணுக்குத் தெரிஞ்சா சரி" என்றார். தெரிந்தது. மாற்றி மாற்றிப் போடும் படங்களில் இது மூன்றாவது என்று அவர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

பையனின் அத்தை ஜெயலக்ஷ்மி தி. நகரில் இருந்தார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. முன்னெச்சரிக்கையாக, முதல் நாள் பார்த்தபோதே பேப்பரில் அச்செடுத்து வைத்திருந்த அந்தத் திட்டுப் படத்தை ஒஹையோவிலிருந்து ஃபாக்ஸில் அனுப்பினார்கள். ஃபாக்ஸுக்குச் சந்தனமும் தெரியாது, தோல் நிறமும் தெரியாது; கறுப்பு, வெள்ளை இரண்டுதான். வர்ஷினியின் முகம் கறுப்பாகவும், இமையும் உதட்டு ஓரமும் மூக்கும் தாளின் வெள்ளையாகவும் வந்து சேர்ந்தன.

ஜெயலக்ஷ்மி அபிராமபுரத்துக்கு வந்தார். நல்ல மனுஷிதான். காபி சாப்பிட்டார், ஜானுவின் படத்துக்கு முன் நின்று "இருந்து பாக்கக் குடுத்து வெக்கலையே" என்றார். பிறகு வர்ஷினியைக் கூப்பிட்டார்.

"ஜன்னல் பக்கம் வாயேன்மா. இங்க வெளிச்சம் போறலை."

வர்ஷினி ஜன்னலருகே போனாள். ஜெயலக்ஷ்மி அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். அன்பாகத் தடவுவதுபோல் முழங்கையைத் தடவினார். விரல்களை விரித்துப் பார்த்தார். கைப்பையைத் திறந்து தாளை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"அதை நான் பாக்கலாமா மாமி?" என்று கேட்டாள் வர்ஷினி.

ஜெயலக்ஷ்மி கொடுத்தார். வர்ஷினி அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அப்பா சொல்லவும் இல்லை. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை ஜெயலக்ஷ்மி ஒஹையோவுக்குத் தந்த தகவல் நேர்மையானது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பவுடர் போட்டிருந்தாள். முழுக்கைச் சட்டை. "மத்த இடமெல்லாம் நான் எப்படிக் கேட்டுப் பாக்கறது மன்னி?"

ஒரு தோல் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. சந்திரமௌலி டாக்டரின் பெயரைக்கூட விசாரித்துவைத்துவிட்டார். வர்ஷினி போக மறுத்தாள்.

"இல்லாததை இல்லைன்னு ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கணுமாப்பா?"

"ஒரு காகிதம்தானேம்மா."

"இன்னிக்கு முகம். அப்புறம் கை, கால். நாளைக்கு இன்னொருத்தர் வந்து, அந்த டாக்டர் உங்களுக்குத் தெரிஞ்சவரான்னு கேப்பா. அப்போ?"

தணிக்கையில் சந்திரமௌலியின் வேலையே அதுதான்: காகிதம் இருக்கிறதா என்று கேட்பது, இருந்தால் அது சரியான காகிதமா என்று கேட்பது.

வியாழக்கிழமை காலை வர்ஷினி தனியாகக் கடைக்கு வந்தாள். பள்ளிக்குக் கிளம்பியவள் வழி மாறி வந்திருந்தாள். தோளில் விடைத்தாள் கட்டோடு பை தொங்கியது. ஆசிஃபுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது. இரண்டு வாரமாக அந்த இமைகளையும் அந்த உதட்டு ஓரத்தையும் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நீங்கதான் ஆசிஃபா? எனக்கு ஒரு உதவி. ஷ்ரவணுக்கு போன் பண்ணப் போறேன். என்ன நடந்ததுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லணும். அப்பா சொன்னா எல்லாம் வேற மாதிரி ஆயிடறது."

"கண்டிப்பா மேடம். என் தப்புதான் இது. நானே சொல்றேன்."

கீழே பூத்துக்குப் போனார்கள். ஒஹையோவில் அப்போது முந்தின நாள் இரவு. வர்ஷினி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ரிசீவரை அவனிடம் கொடுத்தாள். ஆசிஃப் மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்பித்தான். துணியின் நிறம், பிளாஷ், ஓட்டை, பழைய திரை, பழைய பிரவுசர். ஒவ்வொரு வாக்கியமும் அங்கே போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அமெரிக்கா லைனில் எப்போதும் அப்படித்தான். எதிர்முனையில் இருந்தவன் பாதியிலேயே பிடித்துக்கொண்டான்.

"டிரான்ஸ்பரன்சி கலர் ஸ்கின்லயும் இருந்திருக்கு, அவ்வளவுதானே? புரியறது பாஸ். எனக்கு முதல்லயே தோணித்து. அம்மாவுக்குத்தான் புரிய வைக்க முடியலை."

ஆசிஃபுக்கு உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. கடைசியில் புரிந்துகொண்ட ஒரு மனிதன். ரிசீவரைச் சிரித்த முகத்தோடு வர்ஷினியிடம் கொடுத்துவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே வந்தான். கதவு வழக்கம்போல் சாத்தவில்லை.

"தாங்க்ஸ்" என்றாள் அவள் போனில். "இல்லை, டாக்டர்கிட்ட போகலை... உங்களுக்குத்தான் புரிஞ்சுடுத்தே... சரி. ஒண்ணு கேக்கட்டுமா?"

இடைவெளி.

"ஒருவேளை நிஜமாவே எனக்கு அது இருந்திருந்தா?"

பாத்திரக் கடைப் பையன்கள் வாசலில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிஃப் வழக்கமான இடைவெளி முடியக் காத்திருந்தான். அது முடிந்தது. வர்ஷினி பேசவில்லை, கேட்டுக்கொண்டும் இருப்பதாகத் தெரியவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி பூத்தின் சுவரில் ஒட்டியிருந்த ஊர்க் குறியீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை, லைன் கட் ஆகலை" என்றாள் பிறகு. "இருக்கேன்." இன்னும் கொஞ்சம் கழித்து, "சரி. நீங்க தூங்குங்கோ, நாழியாறது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெளியே வந்து பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"என்ன மேடம் சொன்னார்?"

"அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்னார்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அப்பா சமையலறைவரை கேட்டதாகச் சொன்ன சிரிப்பு இதுவாக இருக்காது.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்லிடாதீங்கோ. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் யோசிக்கணும். அதுவரைக்கும் அவர் என்ன கேட்டாலும் பண்ணிக் குடுத்துடுங்கோ. மாட்டேன்னா கவலைப்படுவார்."

"மேடம், நான் வேணா ஒருதரம் அந்த அம்மாகிட்டயே பேசிப் பாக்கட்டுமா?"

"என்னன்னு பேசுவேள்?"

அவள் பனகல் பார்க் பக்கம் பஸ் பிடிக்கப் போனாள்.

ஆசிஃப் மாடி ஏறினான். சாத்தாத கதவு வழியாகப் பேச்செல்லாம் சாய்நாத்துக்கும் கேட்டிருந்தது. "இன்னா செய்யறது வுடு" என்றான். சொல்லிவிட்டு, செய்து முடித்த ஓர் ஓட்டலின் பக்கத்தை எடுத்து அதில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினான்.

மத்தியானம் சந்திரமௌலி வந்தார். புதுச் சவரம், விபூதி, கையில் மடித்த தாள்கள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக முகத்தில் ஒரு தெளிவு.

"இத்தனை நாள் ஏன் தோணலைன்னே தெரியலை ஆசிஃப். நாம படத்தை மாத்தி மாத்திப் போட்டுண்டே இருந்தோம். விளக்கம் குடுக்கவே இல்லை. ஆடிட்ல ஒரு அப்ஜெக்‌ஷன் வந்தா என்ன பண்ணுவோம்? எக்ஸ்ப்ளனேஷன் எழுதுவோம். அதையே போட்டுடலாம்."

தாள்களைப் பிரித்தார். ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், பத்திகளுக்கு எண் போட்டு எழுதியிருந்தார். முதல் பத்தியிலேயே மகளின் முழுப் பெயர். முன்பு வெளியான படத்தில் அவள் முகத்தில் காணப்பட்ட வெள்ளைத் திட்டுகள் குறித்து. அவை தோன்றிய இடங்கள் அ, ஆ, இ. அவை அவளுடையவை அல்ல, ஜிஃப் என்னும் முறைக்குரியவை. இரண்டாம் பக்கத்தில் மூன்று படங்களையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு.

"சார், இதை யார் வேணா பாக்கலாம். உலகத்துல எங்க இருந்தும்."

"பாக்கட்டுமே. உண்மையைத்தானே போடறோம்?"

"இல்லை சார்... இதுவரைக்கும் தெரியாதவங்களுக்கும்..."

சந்திரமௌலி அவனையே பார்த்தார். எந்த நேரமும் உடைந்துவிடும் நம்பிக்கையோடு பார்த்தார். ஆசிஃபுக்குக் காலையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க சார், அடிக்கறேன்."

அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். எழுத்துக் கூட்டிச் சொன்னார். காற்புள்ளியையும் சொன்னார். நான்காம் பத்தியில் நிறுத்தினார்.

"இங்க 'டிஃபெக்ட்'னு போடலாமா, 'எர்ரர்'னு போடலாமா?"

"'எர்ரர்' சார்" என்றான் ஆசிஃப். "'டிஃபெக்ட்' வேண்டாம்."

முடிந்தது. சந்திரமௌலி முழுவதையும் ஒருமுறை படித்து, ஓர் இடத்தில் காற்புள்ளியை எடுக்கச் சொன்னார். "ஏத்திடுங்கோ. இன்னிக்கு ராத்திரி போன் பண்ணி அவாளைப் படிக்கச் சொல்றேன்."

ஆசிஃப் மேஜைக்கு அடியில் காலை நீட்டி, மோடத்துக்குப் போகும் டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து தட்டிவிட்டான். பிறகு இணைப்புக்கான பொத்தானை அழுத்தினான். மோடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினான்.

"லைன் கிடைக்கலை சார். இந்த நேரத்துல எப்பவும் இப்படித்தான். நீங்க வீட்டுக்குப் போங்க, நான் அப்புறமா ஏத்திடறேன்."

"பரவாயில்லை" என்றார் சந்திரமௌலி. நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "ஆத்துல எனக்கென்ன வேலை? கிடைக்கற வரைக்கும் இருக்கேன். நீங்க போட்டுண்டே இருங்கோ."